இல்லாத கல்லுக்குத் தூக்கிய கால்

வேல்சாமி, நம்ம ஹாக்கி டீம் தோற்றுப்போன சேதியை எனக்கு முதலில் சொன்னது நீதான், போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோயிலில் ஜெபமாலை முடிந்து நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது. மெட்ராஸிலிருந்து பேசினாய், போனுக்குள் ஒரே இரைச்சல். "பெரியம்மா, காலிறுதியோட முடிஞ்சு போச்சு" என்றாய். அப்புறம், "கிளீட்டஸுக்கு அடி கிடி ஒண்ணுமில்ல. சாப்பிட மாட்டேங்கான், அவ்வளவுதான்" என்றாய். நான் "சரிய்யா" என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் பார்க்கிறேன், ஒன்று என்னுடையது, இன்னொன்று மீன்காரி ரோசம்மாளுடையது. அவளுடையது நீலம், என்னுடையது தவிட்டு நிறம். அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறேன், காலுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அன்றிலிருந்து அப்படித்தான் இருக்கிறது எனக்கு. தலைக்கடியில் வைத்துப் படுத்து மரத்துப்போன கையை எழுந்ததும் மற்ற கையால் தூக்கிப் பார்ப்போமே, நம்முடையதுதான், ஆனால் நம்முடையதில்லை, அந்த மாதிரி. அழுகை வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இப்போது நீ வரப்போகிறாய். பத்து மணிக்கு மேலே வாரேன் என்று சொல்லியிருக்கிறாய். நீ வந்தால் என்ன சொல்வது என்று கிரைண்டர் முன்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், உளுந்து ஆடிக்கொண்டிருக்கிறது, அரிசி பக்கத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது, என் மகன் ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கிடக்கிறான்.

கிரைண்டர் சத்தம் நல்ல சத்தம், வேலு. அதற்குள் உட்கார்ந்துகொண்டால் வேறு எதுவும் காதில் விழாது. தெருவில் போகிறவன் வருகிறவன் பேசுவது கேட்காது. அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே, என்று வாய்விட்டே சொல்லலாம், எனக்கே கேட்காது, மாதாவுக்கு மட்டும் கேட்கும். நேற்று ரோசம்மாள் செருப்பை மாற்றிக்கொள்ள வந்தவள் வாசலில் நின்றுகொண்டே, "ஏக்கா, உன் மகன் எதுக்குக்கா காலைத் தூக்குனான்? டீக்கடையில செல்லுல திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கானுவ" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவள் அப்படித்தான், எங்கள் வீட்டுச் சாவிலும் சிரித்தவள். "எனக்கென்ன தெரியும், ரோசம்மா" என்றேன். "பந்து என்னா மெதுவா வருது தெரியுமா. எங்க வீட்டுப் பேரப்புள்ள எலுமிச்சங்காயை உருட்டி விட்ட மாதிரி வருது. அதுக்கு மேல போயி காலைத் தூக்கிட்டு நிக்கான். பேரே வச்சிட்டானுவக்கா, கொக்குன்னு." அவன் ரூமுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு சுவர்தான். நான் அவளுக்கு முருங்கைக்காய் நாலு பறித்துக் கொடுத்து அனுப்பிவைத்தேன். கொக்கு. கொக்கு என்றால் வெள்ளையாக இருக்கும். இவன் கறுப்பு, அவன் அப்பா நிறம். இப்படித்தான் எதையாவது நினைத்துக்கொண்டிருக்கிறேன். நினைக்க வேண்டியதை நினைக்காமல்.

ஏன் தூக்கினான் என்று எனக்குத் தெரியும், வேலு. உனக்கும் தெரியும். செல்லில் பார்க்கிற பயல்களுக்குத்தான் தெரியாது. பழைய மைதானத்தில், மேற்குக் கோலுக்கு முன்னால், மண்ணுக்குள்ளே ஒரு பாறை கிடக்கிறது. மேலே தெரியாது. எத்தனை தடவை கடப்பாரை போட்டுப் பார்த்திருக்கிறீர்கள், அசையவில்லை, மண்ணைப் போட்டு மூடிவிட்டு விளையாடினீர்கள். மெதுவாக உருண்டு வருகிற பந்தெல்லாம் அந்த இடத்தில் வந்து ஒரு எவ்வு எவ்வும், துள்ளி மேலே வரும். வேகமாக வருகிற பந்தைக்கூடப் பார்த்துக்கொள்ளலாம், மெதுவாக வருவதுதான் அங்கே மோசம். முதல் முதல் அவன் கோலில் நின்ற வருஷம், முழங்கால் எலும்பிலும் தாடையிலும் வாங்கிக்கொண்டு வருவான். நான் மஞ்சளும் உப்பும் வைத்துக் கட்டுவேன். அப்புறம் பழகிக்கொண்டான். மெதுவாகப் பந்து வந்தால் காலைத் தூக்கி, எவ்வுகிற பந்தைக் காலிலேயே தடுப்பது. ஊரில் கோல் நின்றவர்கள் எல்லாருக்கும் அந்தக் கால் உண்டு. கல்லுக்கால் என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். நீலத்தில் பிளாஸ்டிக் புல் தரை போட்ட புது மைதானம் வந்த பிறகு அதை மறக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். வீட்டிலேயே, இந்தச் சமையல்கட்டில், நான் சப்பாத்திக்கு உருட்டுகிற மாதிரி பந்தை அவன் தங்கச்சி பெனிட்டா உருட்டிவிடுவாள், அவன் காலைத் தரையில் ஒட்டவைத்து நிற்பான். "தூக்கிட்டல்லா, தூக்கிட்டல்லா" என்று அவள் கத்துவாள். தூக்கினால் அவளுக்கு ஒரு கடலைமிட்டாய். அந்தக் கோடைக்கு அவள் குண்டானதே அப்படித்தான். மறந்துவிட்டான். சுத்தமாக மறந்துவிட்டான். இந்த வருஷம் லீக்கில் அத்தனை ஆட்டத்திலும் அவன் கால் தரையைவிட்டு எழும்பவில்லை, எல்லாரையும்விட மேலே வந்தது நம்ம மிக்கேல் கிளப்தானே, பேப்பரில்கூடப் போட்டோ வந்ததே.

உளுந்து பொங்கிவிட்டது. ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், மிதக்கிறது. இனிமேல் நிறுத்த வேண்டியதுதான். தண்ணீர் தெளித்துக்கொண்டே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சூடேறினால் மாவு கெட்டுப்போகும் என்று தெரியும். இந்தக் கிரைண்டர் பழைய காலத்தது, சாய்க்க முடியாது, குழவியைத் தூக்கி வெளியே வைத்தால்தான் மாவை வழிக்க முடியும். போன வருஷம் நான் துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் பிளேட் வைத்ததிலிருந்து குழவியைத் தூக்குவது அவன் வேலை. கூப்பிட வேண்டியதே இல்லை. கிரைண்டர் சத்தம் நின்றால் போதும், எங்கே இருந்தாலும் வந்துவிடுவான். தூங்கிக்கொண்டிருந்தால்கூட, கண்ணை முழுசாகத் திறக்காமல் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து, ஒரு கையால் தூக்கி, மறு கையால் குழவியில் ஒட்டியிருக்கிற மாவை வழித்து உள்ளே விட்டு, தாம்பாளத்தில் வைத்துவிட்டு, போகிறபோது என் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுப் போவான். ஏலே, துண்டு இருக்குல்லா என்று நான் சொல்வேன். ஒரு வார்த்தை அவன் பேசமாட்டான். அதுதான் எங்கள் வீட்டில் நடக்கிற விஷயம். இப்போது நான் சுவிட்சை அமர்த்தினால் சத்தம் நிற்கும். சத்தம் நின்று அவன் வராமல் இருந்தால்? அதை நினைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வந்துவிட்டால் ஒன்றுமில்லை. வராவிட்டால், அப்புறம் எனக்குத் தெரிந்துபோகும். தெரியாமல் இருக்கிறவரைக்கும் அவன் வருகிற பிள்ளைதான். அவர் மில்லுக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போனார், "விடு, பசிச்சா வருவான்" என்று. அவருக்கு எல்லாமே பசிதான்.

ரயிலில் வந்து இறங்கின அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாய், உள்ளே வரவில்லை. கோல் சாமான் பை எவ்வளவு பெரிசு, ஒரு ஆளையே மடித்து வைக்கலாம். அதைத் தொழுவத்துப் பக்கம் வைத்தான், இன்னும் திறக்கவில்லை. வியர்வை நாற்றம் வருகிறது. நான் தொடவில்லை. நீ தெருவிலேயே நின்று, "பெரியம்மா, நான் அப்புறம் வாரேன்" என்றாய். உன் முகமும் நல்லா இல்லை. நீ எதற்கு உள்ளே வரவில்லை என்றும் எனக்குத் தெரியும். மெட்ராஸ் போவதற்கு முந்தின வாரம் நீலத் தரையை விட்டுவிட்டுப் பழைய மைதானத்தில் போய்ப் பயிற்சி எடுத்தீர்களே, அது டீமை நடத்துகிற நீ சொன்னது. வெளியூர் போகுமுன்னால் அங்கே ஒரு வாரம் ஆடினால் ராசி என்று. உங்கள் அப்பா ஆடின மண். அங்கே மண்ணெடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு போய்த்தான் எந்தக் கோப்பையையும் ஜெயித்தோம் என்பீர்கள், அதை நான் குறை சொல்லவில்லை, நானும் கோயில் கெபிக் குகையில் இருக்கிற மாதா காலடியில் அவன் கையுறையை வைத்து எடுத்துக் கொடுத்தவள்தான். ஒரு வாரம். ஒரு வாரத்தில் கால் பழசை ஞாபகப்படுத்திக்கொண்டது. மெட்ராஸில் போய், வழுவழு என்று தண்ணீர் தெளித்து வைத்திருக்கிற தரையில், கடைசி நிமிஷத்தில், கல்லே இல்லாத இடத்தில் கல்லுக்காகக் காலைத் தூக்கிவிட்டான். பந்து எவ்வவில்லை. எவ்வ அங்கே என்ன இருக்கிறது. கீழே நேராகப் போய்விட்டது. அவன் உன்னைச் சொல்லவில்லை, வேலு. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். வந்ததிலிருந்து அவன் பேசியதே கொஞ்சம், அதில் உன் பேர் வரவில்லை. "என் கால்தானம்மா" என்றான். அவ்வளவுதான். தன் காலை அடுத்தவன் காலைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு சொன்னான்.

நீ ஒருதரம் என்னைக் கேலி செய்தாய், ஞாபகம் இருக்கிறதா. ஈஸ்டர் பலகாரம் சாப்பிட வந்தபோது. "பெரியம்மா, மேட்ச் அன்னைக்கு என்னன்னு ஜெபம் பண்ணுவீங்க?" என்று கேட்டாய். நான் உள்ளதைச் சொன்னேன், பந்து எம் பிள்ளைகிட்ட வரக் கூடாதுன்னு. நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அப்ப அவனை எதுக்கு நிப்பாட்டியிருக்கோம்? காக்கா விரட்டவா?" என்றாய். இவன்கூடச் சிரித்தான். பல் தெரிய, முறுக்குத் துண்டு வாயில் இருக்க. போன ஞாயிற்றுக்கிழமையும் நான் அதையேதான் கேட்டேன். பழக்கம். மணியை உருட்ட உருட்ட, பந்து வரக் கூடாது, பந்து வரக் கூடாது. அப்புறம் நீ போனில் சொன்னாய், அவன் பக்கம் பந்தே வரவில்லை, ஆட்டம் பூரா நம்ம ஆட்கள்தான் அங்கே முற்றுகை போட்டார்கள், அவன் சும்மா நின்று நின்று உடம்பு குளிர்ந்துபோய்விட்டது என்று. கேட்டதைக் கொடுத்துவிட்டாளோ? கடைசியில் ஒன்றே ஒன்றை மட்டும் மெதுவாக உருட்டிவிட்டு, மற்றதையெல்லாம் நான் கேட்டபடியே கொடுத்துவிட்டாளோ? மாதா அப்படிச் செய்கிறவள் இல்லை. தெரியும். தெரிந்தும் அந்த இடத்தில் வந்து நூல் சிக்கிக்கொள்கிறது, எடுக்க எடுக்க மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது. பாவிகளாகிய எங்களுக்காக, பாவிகளாகிய எங்களுக்காக. ஃபாதரிடம் கேட்கலாம். ஃபாதர் கிரிக்கெட் பார்க்கிறவர்.

அடுத்த சீசனைப் பற்றிப் பேசத்தான் நீ வருகிறாய். செவ்வாய்க்கிழமை அவன் போனை எடுக்காததால் என் போனுக்குப் பேசினாய். முன்னால் ஆடுகிற தர்மனும் அவன் கூட்டாளியும் வேலை கிடைத்து வடக்கே போகிறார்கள், அதற்கு ஆள் பார்த்துவிடலாம், பக்கத்து ஊரில் ஒருத்தன் இருக்கிறான், மான் மாதிரி ஓடுகிறான் என்றாய். "மத்தவனுக்கெல்லாம் ஆள் இருக்கு பெரியம்மா. கோலுக்குத்தான் இல்ல. அவன் வாரேன்னு சொன்னா டீமை எழுதிக் குடுப்பேன். இல்லன்னா வார வருஷம் வேண்டாம்னு லீக் செக்ரட்டரிகிட்டச் சொல்லிருவேன். சனிக்கிழமைக்குள்ள கேட்காரு" என்றாய். ஒரு வருஷம் வேண்டாம் என்றால் அப்புறம் அந்தக் கிளப் எங்கே இருக்கும். ஆளாளுக்கு ஒரு பக்கம் போய்விடுவார்கள், உனக்குக் கடை, ஒருத்தனுக்குக் கல்யாணம், ஒருத்தனுக்குத் திருப்பூர். இன்றைக்குச் சனிக்கிழமை. உன் போனை வைத்தபிறகு அவன் ரூம் கதவுக்கு வெளியே நின்று நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். அப்புறம் உள்ளே இருந்து, "வேலு வந்தா நான் இல்லன்னு சொல்லிருங்கம்மா" என்றான். "எங்க போயிருக்கேன்னு கேட்டா?" என்றேன். "எங்கயாவது" என்றான். கோபமாகச் சொன்னால்கூடத் தேவலை. சளி பிடித்தவன் குரல் மாதிரி, தட்டையாக. பெனிட்டாவுக்குப் போன் போட்டேன். "அவனை விடுங்கம்மா, இருபத்தெட்டு வயசாச்சு, அவனே பாத்துக்குவான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பப் போட்டு, "காலைத் தூக்குனானாம்மா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். அவள் அழுதாள். எனக்கு அவள் அழுவதைக் கேட்கும்போதும் அந்த மரத்த கைதான்.

இல்லை என்று எப்படிச் சொல்வது, வேலு. கிளீட்டஸ் இல்லப்பா, அத்தை வீட்டுக்குப் போயிருக்கான். இப்படிச் சொல்லலாம். அவனுக்கு அத்தையே கிடையாது, உனக்கும் அது தெரியும். கிளீட்டஸ் இல்லப்பா, இவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு மாவு வழிக்கப் போய்விடலாம். பொய் சொன்னால் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம், அதற்குப் பயமில்லை. வேறு ஒன்றுக்குத்தான் பயமாக இருக்கிறது. அவன் இல்லை என்று என் வாயால் வாசலில் நின்று சொல்லிவிட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் அவன் படுத்துக்கொண்டு அதைக் கேட்பான். பெற்றவளே சொல்லிவிட்டாள், இல்லை என்று. அது அவன் காதில் விழக் கூடாது. சரி, இருக்கிறான் என்று சொன்னால்? அவன் என்னிடம் கேட்டதே அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சோறு கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, இதை மட்டும் கேட்டிருக்கிறான். இரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன், வாய்க்குள்ளேயே. இருக்கான். இல்ல. இருக்கான். இல்ல. குழவி சுற்றச் சுற்ற அதுவும் கூடவே சுற்றுகிறது. மாவில் கையை வைத்துப் பார்த்தேன். சுட ஆரம்பித்துவிட்டது. இளஞ்சூடு, பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர் மாதிரி. அவன் பிறந்தபோது கால் முதலில் வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா "உதைக்கிறதுக்குன்னே வாரான்" என்றாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது.

வண்டிச் சத்தம் மாதிரி இருக்கிறது. கிரைண்டர் சத்தத்துக்குள்ளே இன்னொரு சத்தம், உன் பைக்குக்கு அந்த சைலன்ஸர் ஓட்டை எப்போதும் உண்டே. நீயாக இருக்கலாம், கேஸ்காரனாக இருக்கலாம். அமர்த்தினால்தான் தெரியும். சுவிட்சில் மாவு படாத கையை வைத்தேன், ஈரக் கை, துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மரியே வாழ்க. அமர்த்திவிட்டேன். குழவி தானாக இன்னும் கொஞ்சம் சுற்றி, தள்ளாடி, நின்றது. எவ்வளவு அமைதி. இவ்வளவு நேரமும் எதற்குள் உட்கார்ந்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ தாளிக்கிறார்கள். முருங்கையில் அணில். ரூமுக்குள் கட்டில் ஒரு தரம் கிரீச்சிட்டது. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாளில் சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தேன். சத்தமில்லை. ஆக, இவ்வளவுதான். தெரிந்துபோயிற்று. தெரிந்துபோனால் என்னவோ ஆகும் என்று நினைத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை, மாவுக்கையோடு அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வண்டியை ஸ்டாண்டு போடுகிற சத்தம். கேட்டின் கொண்டியைத் தூக்குகிற சத்தம் வரவில்லை. நீ இந்தத் தடவையும் தெருவிலேயே நிற்கிறாய். "பெரியம்மா" என்கிறாய். "பெரியம்மா, கிளீட்டஸ் இருக்கானா?"

எழுந்து வாசலுக்கு வருகிறேன். நீ மெலிந்திருக்கிறாய், வேலு. தாடி வளர்ந்திருக்கிறது. கேட்டைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்க்கிறாய். அடுத்த வருஷத்து டீம் பூராவும் என் வாயில் நிற்கிற மாதிரி பார்க்கிறாய். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான், எனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா. 'இருக்கான்' வாயில் வரவில்லை. 'இல்ல'வும் வரவில்லை. என் கையைப் பார்க்கிறேன், முழங்கைவரைக்கும் உளுந்து மாவு, காற்றுப் பட்டு இறுக ஆரம்பித்திருக்கிறது. கொஞ்சம் சத்தமாகவே, உனக்கு வேண்டியதைவிடச் சத்தமாக, உள்ளே கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்கிறேன்: "வேலு, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வாய்யா. மாவு சுட்டுப் போச்சு, எனக்குக் கை முடியாது. அந்தக் குழவியைக் கொஞ்சம் தூக்கி வச்சிட்டுப் போ."